புழுதியில் பிறந்த பாட்டு



பாட்டு என்றால் பக்கமேளம் வேண்டும், பத்துக் கருவிகள் வேண்டும், ஒலி வானைப் பிளக்க வேண்டும், அப்போதுதான் மக்கள் திரும்பிப் பார்ப்பர் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. கூட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து, சொல் எது, இரைச்சல் எது என்று அறிய இயலாதவாறு முழங்கச் செய்துவிட்டு, 'எழுச்சி பொங்கிற்று' என்று செய்தி எழுதி அனுப்புவோரும் உண்டு. அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆர்வத்தால் செய்கின்றனர். எனினும், ஒரு தனி மனிதர், ஒரு கிதார், உதட்டருகே கம்பியில் பொருத்திய ஒரு மவுத் ஆர்கன், இவற்றை மட்டுமே கொண்டு, செல்வத்தில் சிறந்த ஒரு நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பிய வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வைத்துவிட்டு, அதிலிருந்து நாம் கற்க வேண்டிய, சற்றே கசப்பான பாடம் ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன்.

1940ஆம் ஆண்டு, ஏப்ரல் 26. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில், விக்டர் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம். அங்கே ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தவர் வூடி கத்ரி. வயது 27. வாத்தியக் குழு இல்லை. பின்பாட்டு இல்லை. ஒரே நாளில் பெரும்பகுதியைப் பாடி முடித்தார். மே 3ஆம் நாள் மீண்டும் வந்து எஞ்சியதை நிறைவு செய்தார். பாடியவை 13 பாடல்கள். அவற்றுள் 11 பாடல்களை நிறுவனம் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் வெளியிட்டது. தொகுதிக்கு மூன்று இசைத்தட்டுகள் வீதம் இரண்டு தொகுதிகள். இசைத்தட்டுகளை உறையிலிட்டுப் புத்தகம்போல் கட்டித் தந்த காலம் அது. 'ஆல்பம்' என்ற பெயர் வந்ததும் அதனால்தான். 'புழுதிக் கிண்ணக் கதைப்பாடல்கள்' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க பெயர் அத்தொகுதிகளுக்கு.

புழுதிக் கிண்ணமா? அஃதென்ன பெயர் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டும், பாட்டின் பொருள் அங்கேதான் இருக்கிறது.

ஒக்லஹோமா, டெக்சாஸ், கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் பரந்த சமவெளி, ஒரு காலத்தில் புல்வெளி. புல்லின் வேர் மண்ணைக் கட்டிக் காத்து நின்றது. முதல் உலகப்போர் வந்தது. கோதுமை விலை ஏறிற்று. உழு, உழு என்றது சந்தை. புல்வெளி கழனி ஆயிற்று. போர் முடிந்தது, விலை வீழ்ந்தது. வீழ்ந்த விலையை ஈடுகட்ட இன்னும் அதிக நிலத்தை உழுதனர். 1929இல் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் சூழ்ந்தது. 1930களின் தொடக்கத்தில் மழையும் பொய்த்தது. பிடித்து நிறுத்தப் புல்வேர் இல்லாத மண், காற்றோடு எழுந்தது. 1935 ஏப்ரல் 14, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுந்த புழுதி பகலை இரவாக்கிற்று. 'கருப்பு ஞாயிறு' என்று அந்நாளை இன்றும் குறிப்பிடுவர். டெக்சாசின் பம்பா என்னும் ஊரில் இருந்த கத்ரி அதைக் கண்ணால் கண்டார். உலகம் முடிந்தது என்றே ஊரார் பலர் எண்ணினர்.

மழை பொய்த்தது இயற்கையின் செயல். மண்ணை மானங்காக்கும் போர்வையின்றி நிறுத்தியது எவர் செயல்? இலாப வேட்டையின் செயல் அன்றோ!

புழுதி மட்டுமா துரத்தியது? ஒக்லஹோமாவின் பருத்தி நிலங்களில் வாரத்துக்கு உழுத ஏழைகள் வேறொரு வகையில் துரத்தப்பட்டனர். விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்த 1933இல் அரசு திட்டம் வகுத்தது. சாகுபடிப் பரப்பைக் குறைப்போர்க்குப் பணம் தந்தது. பணம் நில உடைமையாளர் கைக்குப் போயிற்று. அப்பணத்தில் டிராக்டர் வந்தது. டிராக்டர் வந்தபின் வாரக் குடியானவன் எதற்கு? பெட்டி படுக்கையைப் பழைய மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, 66ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே புறப்பட்டான். 1940க்குள் அச்சமவெளி மாநிலங்களைவிட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் நாடிச் சென்ற நாடு கலிபோர்னியா. ஆரஞ்சும் திராட்சையும் பறிக்க ஆள் வேண்டும் என்று துண்டறிக்கைகள் அழைத்தனவே!

அழைப்பை நம்பிச் சென்றவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு யாது? 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல் தலைவர், தம் காவலர் 136 பேரை மாநில எல்லைகளுக்கே அனுப்பினார். கையில் பணமில்லாதவனைத் திருப்பி அனுப்பு என்பது கட்டளை. நாட்டு எல்லை அன்று, தோழர்களே, ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இடையே உள்ள எல்லை! சொந்த நாட்டிலே அந்நியன் ஆக்கப்பட்டான் உழவன். 'ஓக்கி' என்று ஓர் இழிபெயரும் சூட்டப்பட்டது அவனுக்கு.

இதைத்தான் கத்ரி பாடினார். எப்படிப் பாடினார் என்பதே கருதத்தக்கது. நமக்கு ச, ரி, க, ம போல, மேலைநாட்டாருக்கு டோ, ரே, மி. ஆனால் அந்நாட்டுக் கொச்சை வழக்கில் அச்சொல்லுக்குப் 'பணம்' என்றும் பொருள் உண்டு. அச்சொல்லையே தலைப்பாக்கி, பணமில்லாமல் கலிபோர்னியாவின் வாயிலில் போய் நில்லாதே என்று தன் ஊரானுக்கு நண்பன் சொல்லும் எச்சரிக்கையாக ஒரு பாட்டைக் கட்டினார். ஆத்திரச் சொல் ஒன்று அதில் இல்லை. குறும்பு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. சிரித்துக்கொண்டே கேட்பவன், பாட்டு முடிகையில், தான் எதற்குச் சிரித்தோம் என்று எண்ணித் தலைகுனிகிறான். புழுதி நுரையீரலில் படிந்து வரும் நோயைப் பற்றியும் அப்படியொரு நகைச்சுவைப் பாட்டு அத்தொகுதியில் உண்டு. துன்பத்தில் கிடந்து உழன்றவனுக்கே வரும் சிரிப்பு அது.

இந்த இடத்தில், வழக்கு மன்றத்தில் நடந்த ஒன்றையும் நினைவிற்கொள்வோம். டெக்சாசில் வேலையற்றுக் கிடந்த தன் மனைவியின் உடன்பிறந்தானைத் தன் வண்டியில் கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்தார் ஒருவர். வறியவனை மாநிலத்துக்குள் கொண்டுவந்த குற்றம் என்று அவர் தண்டிக்கப்பட்டார். மைத்துனனை வீட்டுக்கு அழைத்து வருவது குற்றமாம்! வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1941 நவம்பரில் நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக அச்சட்டம் செல்லாது என்றனர். பாட்டுக் கேட்டுத் தீர்ப்பு எழுதினர் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது புளுகு. பாட்டு வேறு, வழக்கு வேறு. ஆனால், வறுமை குற்றமன்று என்று நீதிமன்றம் சொல்லுமுன்பே, அதைத் தெருவில் நின்று சொல்லியிருந்தார் ஒரு பாடகர். அது போதும்.

கத்ரியைப் பற்றி மூன்று கேள்விகள் எழும். மூன்றையும் மறைக்காமல் எதிர்கொள்வோம்.

முதற் கேள்வி: இவர் உழவரா? இல்லை. தந்தை ஒக்லஹோமாவின் ஒகீமா என்னும் ஊரில் நிலம் வாங்கி விற்றுப் பொருள் தேடியவர், உள்ளூர் அரசியலில் ஈடுபட்டவர், ஜனநாயகக் கட்சிக்காரர். 1912 ஜூலை 14இல் பிறந்த மகனுக்கு, அக்கட்சி அப்போதுதான் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தியிருந்த உட்ரோ வில்சனின் பெயரையே சூட்டினார். பின்னர் குடும்பம் நொடித்தது. தாயை நோய் தின்றது. மகன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தார். ஏர் பிடித்தவர் அல்லர். ஆனால் ஏர் பிடித்தோரோடு சாலையில் நடந்தார். அவர்கள் கூடாரங்களில் பாடினார். அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். 1939இல் கலிபோர்னியாவின் பொதுவுடைமை நாளேடான 'பீப்பிள்ஸ் வேர்ல்ட்' ஏட்டில், அம்மக்களின் பேச்சு நடையிலேயே பத்தி எழுதத் தொடங்கினார். பிறப்பால் வருவதன்று இவ்வுரிமை, உடனிருந்து பெறுவது.

இரண்டாம் கேள்வி: முதலாளித்துவத்தைச் சாடிய பாட்டை ஒரு முதலாளி நிறுவனம் ஏன் பதிவு செய்தது? விடை எளிது. ஜான் ஸ்டைன்பெக்கின் 'கோபக் கனிகள்' என்று தமிழில் சொல்லத்தக்க புதினம் 1939இல் வெளிவந்து விற்றுத் தீர்ந்தது. 1940இல் ஜான் போர்டு அதைத் திரைப்படமாக்கி வெற்றி கண்டார். புழுதி விலை போயிற்று! விலை போகும் என்றால் நெருப்பையும் பொட்டலம் கட்டுவான் வணிகன். கத்ரி அந்த வாயிலைப் பயன்படுத்திக்கொண்டார். அப்புதினத்தின் தலைவன் டாம் ஜோடின் கதையை, பழைய நாட்டுப்பாடல் மெட்டொன்றில், ஒரு தட்டின் இருபுறமும் நிறையும் நீண்ட பாட்டாக்கினார். எதற்காக? புத்தகம் வாங்கவும் படம் பார்க்கவும் காசில்லாத தம் ஊரார்க்குப் பாட்டாவது போய்ச் சேரும் என்பது அவர் தந்த விளக்கம். வாய்ப்பு வந்தபின் வணிகன் அவரை விழுங்கிவிட்டானா? இல்லை. அதே 1940இன் இறுதியில், புகையிலை நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த வானொலி நிகழ்ச்சி கைநிறையப் பணம் தந்தது. இதைப் பாடு, அதைப் பாடாதே என்ற கட்டுப்பாடும் உடன் வந்தது. 1941 ஜனவரியில் வேலையை உதறிவிட்டு, மனைவி மக்களோடு வண்டியேறி மேற்கே போய்விட்டார். பணமுடை தெரியாதவர் அல்லர் அவர். தெரிந்தும் போனார்.

மூன்றாம் கேள்வி: அன்று அத்தனை வசதி படைத்த கூடத்தில், வேறு இசைஞரைச் சேர்த்திருக்கலாகாதா? தனிக் கிதார் ஏன்? பழைய மெட்டு, எளிய கட்டை, எவரும் திரும்பப் பாடத்தக்க ஏற்ற இறக்கம். பாட்டை வாங்குவோன் மேடையில் உட்கார்ந்திருக்கும் கனவானாக இல்லாமல், சாலையோரத்தில் ஒற்றைக் கிதாரோடு அமர்ந்திருக்கும் இன்னொருவனாக இருக்கலாம் அல்லவா? அவன் கையிலும் அப்பாட்டு நிற்க வேண்டும். வாத்தியக் குழு இருந்தால்தான் பாடமுடியும் என்ற பாட்டு, வாத்தியக் குழு உள்ளவனுக்கே சொந்தம். மேலும், சொல் மறைவதற்கு அங்கே இடமே இல்லை. பொய்யான ஒரு வரி வந்தால் அதை மூடிப் போர்த்த முரசும் இல்லை, முழவும் இல்லை. எளிமை அவருக்குப் பஞ்சத்தால் வந்ததன்று; நேர்மையால் வந்தது.

'இந்த உலகம் என் வீடன்று. விண்ணுலகே என் வீடு' என்னும் கருத்துடைய கிறித்தவப் பாடலொன்று அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது. அகதி முகாம்களில் அதைப் பாடி ஆறுதல் தேடினர். கத்ரி அம்மெட்டை எடுத்தார், கருத்தைத் திருப்பினார். எனக்கு இவ்வுலகில் வீடில்லை என்பது உண்மை. எவர் பறித்ததால் இல்லை என்று கேட்கும் பாட்டாக்கினார். நூறு சொற்பொழிவு செய்யும் வேலையை ஒரு மெட்டு செய்தது.

இனி, நான் முன்பு சொன்ன கசப்பான பாடம்.

1941 மே திங்களில், கத்ரியின் நண்பர்களான பீட் சீகரும் அவர் தோழர்களும் 'அல்மனாக் பாடகர்' என்ற பெயரில் ஓர் இசைத்தட்டுத் தொகுதி வெளியிட்டனர். போரில் அமெரிக்கா இறங்கலாகாது, கட்டாய இராணுவ சேவை கூடாது என்பது அதன் முழக்கம். அன்று அவர்கள் சார்ந்த இயக்கத்தின் நிலைப்பாடு அது. ஜூன் 22இல் ஹிட்லரின் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்தன. நிலைப்பாடு மாறிற்று. தொகுதி திரும்பப் பெறப்பட்டது. சில வாரங்களே அதன் ஆயுள்! கத்ரி அதில் பாடவில்லை. பின்னரே அக்குழுவில் சேர்ந்தார், பாசிசத்தை எதிர்த்துப் பாடினார். பாடியோர் நல்லவர்கள், திறமைசாலிகள், தியாகத்துக்கு அஞ்சாதவர்கள். பின் ஏன் அப்பாட்டு வாடிற்று? தீர்மானத்தைப் பாட்டாக்கினர். தீர்மானம் மாறினால் பாட்டு எங்கே நிற்கும்?

புழுதிப் பாட்டு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கிறது. மாநாட்டில் முடிவு செய்து எழுதப்பட்டதன்று அது. ஒரு தாய் வீட்டு வாசலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டுப் புழுதியைத் தடுத்ததைக் கண்டவர் எழுதியது. கண்டதை மாற்றும் ஆற்றல் எந்தத் தீர்மானத்துக்கும் இல்லை.

அப்படியானால் கலைஞன் இயக்கத்தைவிட்டு விலகி நிற்க வேண்டுமா என்று எவரும் அவசரப்பட வேண்டாம். கத்ரி விலகி நின்றவர் அல்லர். இயக்கத்தின் ஏட்டிலே எழுதியவர், வேலைநிறுத்தப் பந்தலிலே பாடியவர். நான் சொல்வது இது: இயக்கம் கலைஞனைக் களத்துக்கு அனுப்பட்டும், கண்டதைச் சொல் என்று கேட்கட்டும், இதைக் கண்டதாகச் சொல் என்று கட்டளையிட வேண்டாம். முன்னதில் இயக்கத்துக்கும் வலிமை. பின்னதில் இருவருக்கும் இழப்பு.

கத்ரியும் குறையற்றவர் அல்லர். 1937இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலியில், கருப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் கொண்ட பாட்டொன்றைப் பாடினார். கருப்பின இளைஞர் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். கத்ரி என்ன செய்தார்? நோக்கம் அதுவன்று என்று வாதாடினாரா? வழிவழி வந்த பாட்டு என்று சப்பைக்கட்டு கட்டினாரா? அக்கடிதத்தை வானொலியிலேயே படித்தார், மன்னிப்புக் கேட்டார், அச்சொல்லை மீண்டும் பாடுவதில்லை என்றார். தவற்றை மேடையில் செய்தவர், திருத்தத்தையும் மேடையிலேயே செய்தார். நம்மில் எத்தனை பேருக்கு இது கைவரும்?

புழுதிப் பாடல்களிலும் ஒரு குறை உண்டு. கலிபோர்னியாவின் வயல்களில் இந்த 'ஓக்கி'களுக்கு முன்பே உழைத்து, பெருமந்தக் காலத்தில் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்ட மெக்சிகத் தொழிலாளர் அப்பாடல்களில் இல்லை. அக்குறையை எட்டாண்டு கழித்து அவரே நிறைவு செய்தார். 1948 ஜனவரி 28இல், மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பண்ணைத் தொழிலாளர் 28 பேரை ஏற்றிச் சென்ற வானூர்தி கலிபோர்னியாவில் விழுந்து நொறுங்கிற்று. வானூர்தியை ஓட்டியோர்க்குச் செய்தியில் பெயர் இருந்தது. அந்த 28 பேருக்குப் பெயர் இல்லை, 'நாடு கடத்தப்படுவோர்' என்ற ஒரு சொல்லே இருந்தது. கத்ரி கொதித்தார்; கவிதை எழுதினார்; பிறர் பின்னர் அதற்கு மெட்டமைத்தனர். ஒரே குழியில் புதைக்கப்பட்ட அந்த 28 பேரின் பெயர்களையும் பொறித்த கல் 2013இல் பிரெஸ்னோ நகர இடுகாட்டில் நாட்டப்பட்டது. 65 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் பெயரில்லாதவர்களை மறக்கவிடாமல் வைத்திருந்தது எது? அரசு ஆவணமா? இல்லை, அந்தப் பாட்டு.

விக்டர் நிறுவனத்தார் புழுதித் தொகுதிகளை விற்பனையிலிருந்து மறையவிட்டனர். 1950இல் போக்வேஸ் என்னும் சிறு நிறுவனம் அவற்றை மீண்டும் வெளியிட்டது. 1964இல், கிராக்கி பிறந்தபின், பழைய நிறுவனமே விட்டுப்போன இரு பாடல்களையும் சேர்த்து வெளியிட்டது. அப்போது கத்ரி மருத்துவமனையில், தாயைத் தின்ற அதே நரம்பு நோயால் கிதாரைத் தொடவும் இயலாதவராகக் கிடந்தார். 1961இல் அவரைத் தேடிச் சென்று, படுக்கையருகே பாடிய இளைஞர்களுள் ஒருவர் பாப் டிலன். 1967 அக்டோபர் 3இல் கத்ரி மறைந்தார்.

அவர் காட்டிய வழி மறையவில்லை. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பேரரங்குகளை நிரப்பும் இசைக்குழு தம் கையில் இருந்தும், நியூ ஜெர்சியில் தம் வீட்டில் அமர்ந்து, ஒரு சிறு கேசட் பதிவுக் கருவியில் 'நெப்ராஸ்கா' பாடல்களைத் தனியே பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு பதிந்து பார்த்தார். பாட்டின் உயிர் போயிற்று. எனவே அந்தக் கேசட்டையே தொகுதியாக வெளியிட்டார். வேலையிழந்தோரின் குரல் அதில் கேட்கிறது. 1995இல் டாம் ஜோடின் பெயராலேயே இன்னொரு தொகுதி தந்தார். கேம்டன் கூடத்தில் ஒருவர் ஊன்றிய விதை அது.

தோழர்களே, உங்கள் ஊரிலும் வேலை தேடி வெளியூர் போனவர்கள் இருப்பார்கள். வெளியூரிலிருந்து வேலை தேடி வந்தவர்களும் இருப்பார்கள். வந்தவர்களுக்கு ஓர் இழிபெயரும் சூட்டப்பட்டிருக்கும். அப்பெயரை நீங்கள் சொல்லாதிருப்பது முதற்கடமை. அவர்கள் அருகே அமர்ந்து, எங்கிருந்து வந்தீர், எதனால் வந்தீர் என்று கேட்பது அடுத்த கடமை. கேட்டபின், பாட வல்லவர் பாடட்டும். எழுத வல்லவர் எழுதட்டும். ஒலிபெருக்கியைச் சற்றே தணித்து வையுங்கள், சொல் கேட்கட்டும்!